முதுகையும் காட்டுங்கள்!

அருங்காட்சியகப் பொருட்களை இணையத்தில் விரலால் தள்ளித் தள்ளிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி போடுகிறார்களே, அது எப்படி என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். நாலு வரி போதாது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் பள்ளியில் ஒரு அறையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறோம். வெண்கல விளக்கு, மரப்பாச்சி, நாணயம், பானை ஓடு, ஒரு சின்ன அம்மன் சிலை என்று ஒரு நாற்பது பொருள் இருக்கும். எல்லாவற்றையும் சுழற்றிப் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட ஆசை. ஒரு நிறுவனத்தில் விசாரித்தால் முப்பரிமாண ஸ்கேனர் வேண்டும், லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். வேறு வழியே கிடையாதா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

இருக்கிறது சார். ஸ்கேனரை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட், ஒரு சுழலும் தட்டு, மாறாத வெளிச்சம், அப்புறம் நிறையப் பொறுமை. பொருளைத் தட்டின் நடுவில் வைத்துப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 36 படம். பார்க்கிறவர் விரலை இழுக்கும்போது அந்த 36 படங்களும் வரிசையாக மாறும், கண்ணுக்குப் பொருள் சுழல்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான் சங்கதி. எல்லாமே தட்டைப் படங்கள். 24 படத்திலும் ஓட்டலாம், கொஞ்சம் குதிக்கும். 72 எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், வேலையும் இரண்டு மடங்காகும். முதலில் 36-லேயே ஆரம்பியுங்கள்.

தட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம், கேக்கில் க்ரீம் பூச வைத்திருக்கும் டர்ன்டேபிள் சின்னப் பொருளுக்கு நன்றாகவே உதவும். ஆனால் வெண்கலம் கையில் எடுக்கும்போதுதான் கனம் தெரியும், அதனால் சிலையை வைப்பதற்கு முன்னால் அதே எடைக்குச் செங்கல்லை அடுக்கிச் சுற்றிப் பாருங்கள், தட்டு சாய்கிறதா, சிக்குகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு வட்டக் காகிதத்தை 36 கோடுகளாகப் பிரித்துத் தட்டின் மேல் ஒட்டி, அசையாத மேஜையில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் டிகிரிக் கணக்குத் தானாக வந்துவிடும்.

இனி மெனக்கெட வேண்டிய இடம். தட்டின் மையத்தில் ஒரு பென்சிலை நேராக நிற்க வைத்துச் சுற்றிக்கொண்டே கேமராத் திரையைப் பாருங்கள். பென்சில் இடமும் வலமும் ஆடினால் அது மையத்தில் இல்லை. அந்த ஆட்டம் போகிற வரை நகர்த்திவிட்டு அந்தப் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதன் மேல் பொருளை வையுங்கள். இதை விட்டுவிட்டால் இணையத்தில் உங்கள் அம்மன் சுழலமாட்டாள், ஊஞ்சலாடுவாள். அப்புறம் பொருளை 0, 90, 180, 270 டிகிரியில் நிறுத்தி எந்தப் பக்கமும் படத்தின் ஓரத்துக்கு வெளியே போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒல்லியாகத் தெரிகிற விளக்கின் மூக்கு பக்கவாட்டில் திரும்பும்போதுதான் வெட்டுப்படும்.

கேமராவில் ஆட்டோ என்று எழுதியிருக்கிற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8 முதல் 11 வரை, ஷட்டர் வேகம், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் எல்லாம் முதல் படத்தில் என்னவோ 36-ஆவது படத்திலும் அதுவே. ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் தனியாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், சுழற்றும்போது டியூப்லைட் கெட்ட மாதிரி மினுக்கும். ஜன்னல் வெளிச்சமும் வேண்டாம், ஒரு மேகம் வந்தால் போச்சு. இரண்டு எல்ஈடி விளக்கு, அவற்றுக்கு முன்னால் திரை மாதிரி கட்டிய வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் நிழலைக் குறைக்க ஒரு தெர்மாகோல் அட்டை போதும். பழைய ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம், வேட்டியும் பொசுங்கும், மரப்பாச்சிக்கும் சூடு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கப் போகிறோம் என்றதும் யாராவது ஒரு நல்ல மனிதர் புளியும் விபூதியும் எடுத்துக்கொண்டு வந்து விளக்கைப் பளபளவென்று தேய்த்துக்கொடுக்கத் தயாராக இருப்பார். அவரைக் காப்பி வாங்க அனுப்பிவிடுங்கள். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் அந்தப் பழைய பச்சையும் கருப்பும்தான் அதன் வயதுக்குச் சாட்சி, தேய்த்தால் திரும்ப வராது. தொடும்போது நைட்ரில் கையுறை போடுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும். வெண்கலத்தில் வெளிர்ப் பச்சையாகப் பொடி பூத்த மாதிரி புள்ளிகள் தெரிந்தால் அது குளோரைடு அரிப்பாக இருக்கலாம், அந்தப் பொருளைத் தட்டில் ஏற்றாமல் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலிருந்தே இதற்கென்று ரசாயனக் கூடம் இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு பொருளுக்கும் அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் தனியாக எடுத்து வையுங்கள். கோப்புப் பெயரில் பதிவேட்டு எண்ணும் டிகிரியும் இருக்கட்டும். நேர்முகம், அதாவது பொருளின் முன்பக்கம்தான் 000. எந்தத் திசையில் சுற்றினீர்களோ நாற்பது பொருளுக்கும் அதே திசை. இதை இன்று எழுதி வைக்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து விளக்கு வலமாகவும் சிலை இடமாகவும் சுற்றும்.

கேள்வி: இதற்கு மொபைல் கேமரா போதாதா? (வாசகர், ஓசூர்)

போதும், கட்டுப்பாடுகளைக் கையால் மாற்றுகிற ப்ரோ மோடு இருந்தால். ஸ்டாண்டில் பூட்டி, திரையைத் தொடாமல் டைமரிலோ ப்ளூடூத் பொத்தானிலோ கிளிக் செய்யுங்கள். கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் லென்ஸில் எடுங்கள். அகல லென்ஸைக் கிட்டக் கொண்டுபோனால் சிலையின் மூக்கும் முன்கையும் வீங்கித் தெரியும், சுற்றும்போது இன்னும் அசிங்கமாக இருக்கும். ‘அழகுபடுத்தும்’ வசதிகளையெல்லாம் அணைத்துவிடுங்கள், சில போன்கள் கல் முகத்துக்கும் பவுடர் பூசிவிடுகின்றன.

கேள்வி: பொறியியல் மாணவன். வீட்டுப் பித்தளைச் சொம்பை டர்ன்டேபிளில் வைத்து நிறையப் படம் எடுத்து, போட்டோகிராமெட்ரி மென்பொருளில் கொடுத்து முப்பரிமாண மாடல் செய்து பார்த்தேன். சொம்பு உருகிய மெழுகு மாதிரி வந்தது. என்ன தப்பு? (வாசகர், கோயம்புத்தூர்)

தம்பி, நீங்கள் எடுத்த பொருள்தான் தப்பு. இருப்பதிலேயே கடினமானதைப் பிடித்துவிட்டீர்கள்.

மேலே தலைமை ஆசிரியருக்குச் சொன்னது வேறு, நீங்கள் செய்வது வேறு. போட்டோகிராமெட்ரியில் மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் அடையாளப் புள்ளிகளைத் தேடி, இந்தக் கீறல் அந்தப் படத்தில் எங்கே போனது என்று பொருத்திப் பார்த்து, அதை வைத்து வடிவத்தைக் கணக்குப் போடுகிறது. அதனால் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் பாதிக்கு மேல், முடிந்தால் முக்கால்வாசி, ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். சொம்பில் கீறல் ஏது? அது பளபளப்பது மட்டும்தான். விளக்கின் ஒளிப் புள்ளி சொம்பின் மேல் ஒரே இடத்தில் நிற்க, சொம்பு அடியில் சுழல்கிறது, மென்பொருள் அந்த ஒளியைப் போய் ‘இதுதான் சொம்பின் மச்சம்’ என்று நம்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் 36 படச் சுழற்சியில் இதே ஒளி பொருளோடு ஒட்டாமல் அதன் மேல் வழுக்குவதுதான் பார்க்கிறவருக்கு ‘ஆகா, உலோகம்’ என்ற உணர்வைத் தரும். சுழற்சிப் படத்துக்கு நண்பன், மாடலுக்கு எதிரி.

வழி என்ன? விளக்குக்கு முன்னால் போலரைசிங் ஃபில்ம் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற தாள்) ஒன்றும், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசிங் ஃபில்டர் ஒன்றும் போட்டால் ஒளித்தெறிப்பு அடங்கும். பச்சை படிந்த பழைய வெண்கலத்தில் இது அருமையாக வேலை செய்யும். புதிதாகத் தேய்த்த பித்தளை கருப்பாகப் போய்விடும், சொம்பு அந்த ரகம். மேலே வெள்ளைப் பொடி தூவி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் வீட்டுச் சொம்புக்குச் செய்துகொள்ளுங்கள், அருங்காட்சியகப் பொருளின் பக்கம் அந்த டப்பாவைக் கொண்டுபோகாதீர்கள்.

பின்னணியையும் பாருங்கள். தட்டு சுழல்கிறது, பின்னால் காலண்டர் அசையாமல் இருக்கிறது என்றால் மென்பொருள் காலண்டரைப் பிடித்துக்கொண்டு கேமரா நகரவே இல்லை என்று முடிவு கட்டும். வெறும் கருப்புத் துணி போடுங்கள், அல்லது பின்னணியை மறைத்துக் கொடுங்கள். தட்டின் மேலேயே புள்ளியும் கட்டமும் அச்சடித்த காகிதம் ஒட்டினால் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். மெஷ்ரூம், கோல்மேப் என்ற இரண்டு போட்டோகிராமெட்ரி மென்பொருளும் இலவசம், மெஷ்ரூமில் முழு வேலை நடக்க என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். பழகுவதற்கு ஒரு சுடுமண் பொம்மை எடுங்கள், முதல் தடவையே வரும்.

எது தேவை என்று கேட்டால், பார்ப்பதற்கு மட்டும் என்றால் சுழற்சிப் படமே மேல், நிறமும் பளபளப்பும் உள்ளபடி இருக்கும். அளவெடுக்க, குறுக்கே வெட்டிப் பார்க்க, முப்பரிமாணமாக அச்சடித்துப் பார்வையற்ற குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும் என்றால் மாடல்.

கேள்வி: எங்கள் தளத்தில் சுழலும் படங்கள் போட்டிருக்கிறோம். போனில் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சிலை சுற்றுவதில்லை. (ஒரு அறக்கட்டளை ஊழியர், தஞ்சாவூர்)

ஒரு படம் 150 கேபி என்று வைத்துக்கொண்டாலும் 36 படம் 5 எம்பியைத் தாண்டும். பக்கத்தில் பத்துச் சிலை இருந்தால் 50 எம்பி. ஒருவர் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் திறந்தால் ஊர் வந்துவிடும். முதலில் நேர்முகப் படம் ஒன்றை மட்டும் காட்டுங்கள், விரல் வைத்த பிறகு மற்றவை இறங்கட்டும். இறங்கும்போதும் 1, 2, 3 என்று வராமல் நாலு படத்துக்கு ஒன்றாக முதலில் ஒன்பது வரட்டும். அப்போதே சுழலும், கொஞ்சம் குதித்தாலும் பரவாயில்லை, மிச்சம் பின்னால் வந்து நிரப்பிக்கொள்ளும். பெரிதாக்கிப் பார்க்கிற பெரிய படத்தைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

கூடவே, விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் சிலை திரும்ப வேண்டும், மேலே கீழே இழுத்தால் பக்கம் நகர வேண்டும். பல தளங்களில் சிலை விரலைப் பிடித்துக்கொண்டு கீழே போகவே விடாது. தானாகச் சுழலுவதையும் நிறுத்துங்கள், அது நகைக்கடை விளம்பரம்.

கேள்வி: முதுமக்கள் தாழியையும் வயலில் நிற்கும் நடுகல்லையும் எந்தத் தட்டில் வைப்பது? (வாசகர், திருவண்ணாமலை)

வைக்க வேண்டாம், நீங்கள் சுற்றுங்கள். தாழியைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதில் சம தூரத்தில் குறி வைத்து, ட்ரைபாடின் உயரம் மாறாமல் குறிக்குக் குறி நகர்ந்து எடுக்கலாம். பின்னணி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சுழற்சிப் படமாகப் போட்டால் கண் வலிக்கும். இந்த மாதிரிப் பெரிய பொருளுக்குப் போட்டோகிராமெட்ரிதான் சரி. மூன்று உயரத்தில் மூன்று சுற்று, தாழியின் உட்பக்கத்துக்குத் தனியாக ஒரு சுற்று. நடுகல்லுக்கு மேகமூட்டமான நாளாகப் பாருங்கள், வெயிலில் ஒரு பக்கம் வெளுத்து மறு பக்கம் இருட்டாகிவிடும்.

தாழிக்குள் எலும்பு இருந்தால் அதைப் படமெடுப்பதும் போடுவதும் அகழாய்வு செய்தவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். இறந்த ஒருவரை விரலால் சுழற்றி விளையாட விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நடுகல்லில் எழுத்து இருந்தால் சுற்றிக் காட்டுவதைவிட வெளிச்சத்தைச் சுற்ற வைப்பதுதான் பலன். கேமராவையும் கல்லையும் அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் பிடித்துப் படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்து, பிறகு திரையில் மவுஸால் வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்பார்கள், தகவல் உரிமைச் சட்டம் இல்லை. 2001-இல் ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் கொண்டுவந்த உத்தியிலிருந்து வளர்ந்தது. கிரேக்கக் கடலில் கிடைத்த, வானியல் கணக்குப் போடும் பழங்கால ஆன்டிகிதெரா இயந்திரத்தின் துணுக்குகளில் இருந்த எழுத்துகளைப் படிக்கவும் இது உதவியது. பக்கவாட்டில் தாழ்வாக ஒளி விழும்போது, மழுங்கிய கோடு நிழல் பிடித்து எழும்பி நிற்கும். மைப்படி எடுக்கிறவர்கள் கல்லில் காகிதத்தை ஒற்றித் தட்டித் தட்டி எதைத் தேடுகிறார்களோ அதையே இது கல்லைத் தொடாமல் தேடுகிறது. தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடு, தேய்ந்த நாணயம் எல்லாவற்றுக்கும் இதைச் செய்து பார்க்கலாம், தலைமை ஆசிரியரும் கவனிக்க.

கேள்வி: எல்லாக் கோணத்திலும் படம் போட்டால் சிலைத் திருடனுக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆகாதா? போலி செய்யவும் வசதியாகிவிடுமே? (வாசகி, கும்பகோணம்)

நியாயமான பயம்தான் அம்மா. ஆனால் நடந்த கதையைப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வைத்தது. திருடனுக்கு எந்த இணையதளமும் தேவைப்படவில்லை, பூட்டிய கோயிலே போதுமாக இருந்தது. சிலை அந்தக் கோயிலுடையதுதான் என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்போதோ எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள், அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக அமையாது. சிரச்சக்கரத்துக்குக் கீழே தோளில் விழும் சடையின் வளைவு, ஆடை முடிச்சில் உளி பட்ட இடம், உலா வரும்போது கம்பு கோர்க்கிற பீடத் துளையின் தேய்மானம், இவையெல்லாம் பெரும்பாலும் பின்பக்கமும் பக்கவாட்டிலும் இருக்கின்றன. நாம் எடுத்து வைத்திருக்கும் படங்களோ எல்லாம் மாலை போட்ட நேர்முகம்!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போயும் திருடப்பட்டும் சேதமாகியும் இருப்பது 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது. அவற்றில் பல சரியாகப் பதிவு செய்யப்படாதவை. அதற்குப் பிறகுதான் மொத்தச் சேகரிப்பையும் ஐந்து வருடத்தில் இணையத்தில் ஏற்றுவோம் என்று அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலைமை.

போலியைப் பொறுத்தவரை, பெர்லினில் இருக்கும் பண்டைய எகிப்திய அரசி நெஃபர்டிட்டி சிலையின் ஸ்கேனைக் கொடுக்க மாட்டோம் என்று வருடக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் 2019-இல் அது வெளியே வந்துவிட்டது. நெஃபர்டிட்டிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2020 பிப்ரவரியில் தானாகவே 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாடல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

ஆனால் உங்கள் பயத்தில் பாதி உண்மை. படத்தோடு இடத்தைச் சொல்லாதீர்கள். மொபைலில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் குறியீடு ஒளிந்திருக்கும், ஏற்றுவதற்கு முன் நீக்குங்கள். காவல் இல்லாத கோயில், வயலில் தனியாக நிற்கும் நடுகல் என்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூஜையில் இருக்கும் திருமேனி என்றால் கோயில் நிர்வாகமும் குருக்களும் சம்மதித்தால் மட்டும், அபிஷேகத்துக்கு அலங்காரம் களையும் நேரத்தில், ஆவணத்துக்காக எடுத்துப் பூட்டி வையுங்கள். அதை இணையத்தில் போட்டே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை.

கேள்வி: பழைய அருங்காட்சியக வெளியீடாக ஒரு சிடி கிடைத்தது. அதில் சிலைகள் சுழலும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. (நூலகர், மதுரை)

இந்தக் கேள்வியை எல்லோரும் படிக்க வேண்டும். 1990-களின் நடுவில் ஆப்பிள் குயிக்டைம் விஆர் என்று ஒன்று கொண்டுவந்தது, பொருளைச் சுழற்றிக் காட்டுவதில் அந்தக் காலத்தில் அதுதான் ராஜா. பிறகு ஆப்பிளே அதைக் கைவிட்டது. அடுத்து ஃப்ளாஷ் வந்தது, உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் அதில் செய்து குவித்தன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கும் மூடுவிழா நடத்தியது. இன்று நாம் போடுகிற வடிவங்களுக்கும் ஒரு நாள் அதே கதி வரும். ஆகவே படங்களின் மூலக் கோப்புகளை மட்டும் விடாதீர்கள். ஒரு படம் 25 எம்பி என்றாலும் 36 படம் 900 எம்பி, நாற்பது பொருளுக்கு 36 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலைக்குக் காணாது. மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அவை இருந்தால் புதிய பார்வைக் கருவிக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. இல்லை என்றால் மறுபடி சிலையைத் தூக்க வேண்டும், ஒவ்வொரு தடவை தூக்குவதும் ஆபத்து.

உங்கள் சிடிக்கு வருவோம். முதலில் அதை அப்படியே கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள், பழைய சிடி எப்போது படிக்காமல் போகும் என்று சொல்ல முடியாது. உள்ளே எம்ஓவி என்று முடிகிற கோப்புகள் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் கொடுங்கள், பல நேரம் சுழற்சிப் படங்கள் சாதாரண வீடியோ ஃபிரேம்களாக வரிசையாக வெளியே வந்துவிடும். எஸ்டபிள்யூஎஃப் என்று முடிந்தால் அது ஃப்ளாஷ். ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம், உள்ளிருக்கும் படங்களை ஜேபெக்ஸ் என்ற இன்னொரு இலவசக் கருவியில் பிரித்தெடுக்கலாம். படங்கள் சின்னதாகத்தான் இருக்கும், அந்தக் காலத்துத் திரைக்குச் செய்தவை. எடுத்த பிறகு வெளியிட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அவர்களிடமே அது இல்லாமல் இருக்கலாம்.